கள்ளக்கடலும் கரைக்குச் சேரும் எச்சரிக்கையும்

கடல் கொந்தளிப்பதற்குக் காற்றே காரணம் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தியாகும். ஆயின், வானம் தெளிந்து, காற்று அடங்கி, வெயில் எரிக்கும் நாளிலும் கடல் திடீரெனக் கரையேறி வீடுகளுக்குள் புகுவதுண்டு. கேரளக் கடற்கரையின் மீனவ மக்கள் இந்நிகழ்ச்சியை நெடுங்காலமாக அறிவர். யாதோர் அறிகுறியுமின்றித் திருடனைப் போல் வருவதனால் அவர்கள் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயரிட்டனர்.

2024-ஆம் ஆண்டு மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. அன்று திருவனந்தபுரம் மாவட்டத்தின் பூந்துறை, பொழியூர் முதலிய கடலோர ஊர்களில் கடல்நீர் தெருக்களிலும் வீடுகளிலும் புகுந்தது. அதே ஆண்டு மே 6-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் அகப்பட்டு உயிரிழந்தனர். கள்ளக்கடல் எழும் என்னும் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது. அலையைக் கணித்தறியும் ஆற்றலை விஞ்ஞானம் பெற்றுவிட்டது. அவ்வறிவு மணலில் நிற்கும் மனிதனிடம் போய்ச் சேரவில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் பணி ஒரு துறையினரால் மட்டும் ஆகக்கூடியதன்று. புவியியல் விஞ்ஞானி, பொறியியலார், சமூக ஆராய்ச்சியாளர் ஆகிய மூவரும் கூடியே இதனைச் செய்தல் வேண்டும் என்பதைத் திருவனந்தபுரக் கரை நமக்குக் கற்பிக்கின்றது.

அலையின் பிறப்பிடம்

கள்ளக்கடல் உள்ளூர்க் காற்றினால் உண்டாவதன்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், இந்து மகாசமுத்திரத்தின் தென்பகுதியில் வலிய புயற்காற்று நாட்கணக்கில் வீசும்பொழுது பேரலைகள் எழுகின்றன. அவை புயலின் எல்லையை விட்டு வெளியேறியதும் ஒழுங்கான நீள் அலைகளாக மாறி வடக்கு நோக்கிப் பயணம் செய்கின்றன. இவற்றைக் கடலியலார் 'வீங்கலைகள்' என்பர்.

ஓர் அலைமுகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரம் அலையின் 'காலம்' எனப்படும். உள்ளூர்க் காற்றெழுப்பும் சிற்றலையின் காலம் ஆறு வினாடி அளவில் இருக்கும்; முகட்டுக்கு முகடு உள்ள தொலைவு ஆழ்கடலில் ஏறத்தாழ 56 மீட்டர். 18 வினாடிக் காலமுடைய வீங்கலைக்கோ அத்தொலைவு ஏறத்தாழ 500 மீட்டர். இத்தகைய அலையின் சக்தி மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 1,200 கிலோமீட்டர் வேகத்தில் பரவும். ஆகவே, 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த அலை ஐந்து நாளில் நமது கரையை அடையும். நீண்ட காலமுடைய அலைகளே விரைந்து செல்வன. ஆதலின் அவையே முதலில் வந்து சேரும்.

500 மீட்டர் நீளத்தில் ஒரு மீட்டர் அல்லது இரண்டு மீட்டர் உயரம் என்பது மிகவும் மெல்லிய ஏற்றமேயாகும். ஆழ்கடலில் மீன்பிடிக்கும் படகில் இருப்பவர் அதனை உணர்வது அரிது. அலை ஆழங்குறைந்த நீருக்கு வரும்பொழுது அதன் வேகம் குறைகின்றது, உயரம் மிகுகின்றது. இவ்வாறு அடுத்தடுத்து வந்து உடையும் அலைகள் கரையோர நீர்மட்டத்தையும் சற்று உயர்த்திவிடுகின்றன. அமாவாசை அல்லது பௌர்ணமியையொட்டிய உயர் ஓதமும் அவ்வேளையில் சேருமாயின், நீர் கரையைத் தாண்டி ஊருக்குள் புகும்.

பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன் இது நிகழ்வது கருதத்தக்கது. நமக்கு அது கோடை. கடல் அமைதியாக இருக்கும் காலம். தென் அரைக்கோளத்திலோ குளிர்காலம் நெருங்கி, புயல்கள் வலுப்பெறும் காலமாகும்.

இதனைச் சுனாமியுடன் சேர்த்து எண்ணுதல் பிழை. சுனாமி கடலடி நிலநடுக்கம் போன்றவற்றால் எழுவது. அதன் முகடுகளுக்கிடையே பல நிமிடங்கள் கழியும். 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த பேரழிவின் நினைவு மாறாத மக்களிடம் இவ்வேறுபாட்டை விளக்கிக் கூறுதல், வீண் அச்சம் பரவாமல் தடுக்கும்.

ஆக்குளத்தில் நடந்த ஆராய்ச்சி

திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1978-இல் புவி விஞ்ஞான ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. 2014-இல் அது மத்திய அரசின் பொறுப்பில் வந்து, தேசியப் புவி விஞ்ஞான ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளக் கரையில் நேர்ந்த கடும் கள்ளக்கடலை இம்மையத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். உள்ளூரில் புயல் இல்லாத நிலையில் தொலைக்கடலிலிருந்து வந்த வீங்கலைகளே வெள்ளத்திற்குக் காரணம் என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். தங்கள் கட்டுரைகளில் புதிய சொல்லொன்றைப் படைக்காமல், மீனவர் வழங்கிய பெயரையே அவர்கள் கையாண்டனர். அச்சொல் 2012-இல் யுனெஸ்கோவின் ஏற்பையும் பெற்று, இன்று உலகக் கடலியல் ஏடுகளில் வழங்குகின்றது.

ஹைதராபாத்தில் 1999-இல் தொடங்கப்பெற்ற இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இவ்வாராய்ச்சியை மேலும் வளர்த்தது. தென்கடலின் புயல்களைத் தொடர்ந்து கவனித்து, அவற்றால் எழும் அலைகள் எந்நாளில் எக்கரையை அடையும் என்பதைக் கணக்கிட்டு, 2020 முதல் வீங்கலை எழுச்சி பற்றிய முன்னறிவிப்பை அது வழங்கிவருகின்றது.

கருவிகளும் கற்சுவர்களும்

பொறியியலாரின் பங்கு இருவகைப்படும். ஒன்று அளப்பது, மற்றொன்று காப்பது. அலையை அளப்பதற்குக் கரைக்கு அப்பால் மிதவைகள் நங்கூரமிடப்படுகின்றன. மிதவை அலையோடு ஏறியிறங்குவதை அதனுள் இருக்கும் முடுக்கமானி பதிவு செய்ய, அதிலிருந்து அலையின் உயரமும் காலமும் கணக்கிடப்பட்டு நிலையத்திற்கு அனுப்பப்படுகின்றன. கணித மாதிரியின் முடிவு சரியா என்பதை இவ்வளவைகளே உறுதி செய்கின்றன.

காக்கும் பணி இதனினும் கடினமானது. கேரளத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கற்சுவர்கள் எழுப்பப்பட்டுள்ளன. சுவர் அதன் பின்னுள்ள வீட்டைக் காக்கலாம். ஆனால், மோதித் திரும்பும் அலை சுவரின் அடிமணலை அரித்துச் செல்கின்றது. மணற்கரை மறைந்தால் வள்ளத்தை இழுத்து ஏற்றவும், வலையை உலர்த்தவும், மீனை ஏலமிடவும் இடமில்லாது போகின்றது. வீட்டைக் காத்த சுவர் தொழிலைக் கெடுப்பதும் உண்டு. இதனை உணர்ந்தே, மணல் நிரப்பிய பெருங்குழாய்களைக் கரைக்கு அப்பால் நீருக்கடியில் அமைத்து, அலை கரையை அடையுமுன் அதன் வலிமையைக் குறைக்கும் முறை பூந்துறையில் பரிசோதிக்கப்பட்டது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இதற்குத் தொழில்நுட்ப உதவி அளித்தது.

எச்சரிக்கை ஏன் தவறுகின்றது?

எச்சரிக்கையின் வரலாற்றில் 2017-ஆம் ஆண்டின் 'ஒக்கி' புயல் மறக்கவொண்ணாதது. நவம்பர் 29-இல் இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்த அது, ஒரு நாளைக்குள், 30-ஆம் நாள் காலையில் புயலாக வலுப்பெற்றது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளுக்கு அப்பால் அது கடந்து சென்றபொழுது, மீனவர் பலர் ஏற்கெனவே கடலில் இருந்தனர். கரையில் வெளியிடப்பட்ட புயலறிவிப்பு அவர்களை எட்ட வழியில்லை. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர் அல்லது திரும்பி வரவில்லை.

இத்துயரத்தின் பின் பல ஏற்பாடுகள் நிகழ்ந்தன. 2018-இல் இந்திய வானிலை ஆராய்ச்சி இலாகா திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையமொன்றை நிறுவியது. 1837-இலேயே சுவாதித் திருநாள் மகாராஜா வானாராய்ச்சி நிலையம் அமைத்த நகருக்கு அது தகுந்ததேயாம். கைத்தொலைபேசிச் சைகை கரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் வரையே எட்டும். இயந்திரம் பொருத்திய வள்ளங்களோ அதற்கு வெகு அப்பால் செல்கின்றன. எனவே, செயற்கைக்கோள் வாயிலாகச் செய்தி பெறும் 'ஜெமினி' என்னும் சிறு கருவி 2019-இல் வெளியிடப்பட்டது. கருவி பெறும் செய்தி மீனவரின் கைத்தொலைபேசியில் அவர்தம் மொழியிலேயே தோன்றும். எனினும், அது செய்தியைப் பெறுமேயன்றி, கடலிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்பாது.

கருவி கிடைத்துவிட்டால் எச்சரிக்கை முழுமை பெற்றுவிடுமா? இவ்வினாவுக்கு விடை தேடியவர் சமூக ஆராய்ச்சியாளர். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தினர், கொச்சி விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழக வானிலை அறிஞருடன் சேர்ந்து, திருவனந்தபுரம் மாவட்ட மீனவ ஊர்களில் மக்களோடு பழகி ஆராய்ந்தனர். மீனவர் முன்னறிவிப்பை அலட்சியம் செய்கின்றனர் என்னும் பொதுக்கருத்து பொருந்தாது என்பது இவ்வாராய்ச்சியால் விளங்குகின்றது. அவர்கள் அதனைக் கேட்கின்றனர். தாம் காணும் காற்று, நீரோட்டம், மேகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு எடைபோடுகின்றனர். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுகளைத் திசையால் பிரித்தறிபவருக்கும், கரையிலுள்ள மலைமுகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் நேர்படுத்திக் கடலடிப் பாறையின் இடத்தைக் குறிக்கும் 'கணிச்சம்' என்னும் முறை பயின்றவருக்கும், 'மாநிலக் கரை முழுவதும் பலத்த காற்று வீசக்கூடும்' என்னும் அறிவிப்பு போதுமானதாகத் தோன்றுவதில்லை. எந்த ஊருக்கு எதிரே, எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால், எந்த வேளையில் என்பதே அவர்கள் வேண்டும் செய்தி.

இதில் வயிற்றுப் பிரச்சினையும் அடங்கியுள்ளது. கடலுக்குச் செல்லாத நாள் கூலியில்லாத நாள். பரந்த கரை முழுமைக்கும் தடை விதிக்கப்பட்டு, தம் ஊருக்கு எதிரே கடல் அமைதியாகவே இருந்தால், வீணே ஒரு நாளை இழந்தோம் என்று மீனவர் எண்ணுவர். இவ்வாறு பன்முறை நேருமாயின், மெய்யாகவே ஆபத்து நெருங்கும் நாளில் எச்சரிக்கை மதிப்பிழந்துவிடும். அறிவிப்பைக் குறைத்துச் சொன்னால் உயிருக்குக் கேடு. மிகுத்துச் சொன்னால் நம்பிக்கைக்குக் கேடு. ஆகவே, அறிவிப்பின் துல்லியத்தை ஊரளவுக்குக் கொண்டுவருவதும், அது பலித்ததா என்பதை மீனவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்வதும் விஞ்ஞானப் பணியின் பகுதிகளாகவே கருதப்படல் வேண்டும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கன

கரையோரப் பள்ளிகளில் மாணவர் எளிதிற் செய்யக்கூடிய பரிசோதனை ஒன்றுண்டு. நீரை அணுகாது, மேடான பாதுகாப்பான இடத்தில் நின்று, கடலில் நிலையாக உள்ள ஒரு பாறையையோ கம்பத்தையோ குறியாகக் கொள்ளவேண்டும். முதல் முகடு அதனைக் கடக்கும்பொழுது கடிகாரத்தை நோக்கி, அதன்பின் பத்து முகடுகள் கடக்கும் நேரத்தைக் குறித்து, அதனைப் பத்தால் வகுத்தால் அலையின் காலம் கிடைக்கும். ஆறு அல்லது எட்டு வினாடி வந்தால் அது பெரும்பாலும் அருகிலுள்ள காற்றின் வேலை. 15 வினாடிக்கு மேற்பட்டால் தொலைவிலிருந்து வந்த வீங்கலை. நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் இதனை எழுதிவரின், மாணவர் தம் கரையின் இயல்பை ஆண்டு முழுவதும் அறிந்துகொள்வர். இக்கணக்கு அரசாங்க எச்சரிக்கைக்கு மாற்று ஆகாது என்பதையும் உடன் கூறுதல் அவசியம்.

களப்பணியாளர், கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தவுடன் மூன்று செய்திகளை ஊராருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். முதலாவது, கடல் அமைதியாகத் தோன்றினும் எச்சரிக்கை முடியும்வரை கரையில் நிற்பதும் குளிப்பதும் ஆகா. இரண்டாவது, வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றவேண்டும். துறைமுகத்தில் கட்டியுள்ள படகுகள் ஒன்றோடொன்று மோதாதவாறு இடைவெளி விடவேண்டும். மூன்றாவது, அலையுடையும் பகுதியினூடே வள்ளத்தை இறக்குவதையும் ஏற்றுவதையும் தவிர்க்கவேண்டும். ஆழ்கடலைக் காட்டிலும் கரையோரமே அந்நாளில் அபாயமானது என்னும் காரணத்தைச் சேர்த்துச் சொன்னால், இவ்விதிகள் மனத்தில் நிலைக்கும்.

வெளியூரிலிருந்து கடல் காண வருவோருக்கு இப்பெயர்கூடத் தெரிந்திராது. கரைக்குச் செல்லும் பாதைகளில் அவர்தம் மொழியில் அறிவிப்புப் பலகை வைப்பதற்கும், உள்நாட்டுப் பள்ளிகளிலும் இதனைப் பாடமாகச் சொல்வதற்கும் செலவு மிகுதியில்லை. எச்சரிக்கை வெளியான பின்பும் உயிர்கள் இழக்கப்பட்ட கரை நமக்கு அண்மையிலேயே உள்ளது. தென்கடலில் எழுந்த அலை நம் கரையை அடைய நான்கைந்து நாட்கள் ஆகின்றன. அதற்குள் செய்தி கடைசி மனிதன் வரை சென்று சேருமாறு செய்தல் நம் கையில் உள்ளதாகும்.