28 பிட்டில் ஒரு குரல்

சிம் கார்டு கிடையாது, வைஃபை கிடையாது, பக்கத்தில் டவரும் கிடையாது. ஓர் ஆண்ட்ராய்டு போன், ப்ளூடூத்தில் அதோடு இணைந்த ஒரு சின்ன லோரா ரேடியோ பலகை. அவ்வளவுதான். 'கோடெக்2 டாக்கி' செயலியின் பட்டனை அழுத்திப் பேசினால், இதே ஏற்பாட்டோடு தொலைவில் நிற்கும் இன்னொரு ஹாமுக்கு (பொழுதுபோக்கு வானொலியாளருக்கு) கேட்கிறது.

கேட்கிறது என்பதே ஆச்சரியம். லோரா குரலுக்காகப் பிறந்ததல்ல. மண்ணின் ஈரம், தொட்டியின் நீர்மட்டம் போன்ற துணுக்குத் தகவல்களைத் தூரமாக அனுப்புவதற்கானது. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வழக்கமாக நொடிக்குச் சுமார் 5,500 பிட்தான் அதன் உச்சம். வேகத்தைக் குறைத்தால் தூரம் கூடும். ஆனால் கடைசிப் படியில் 300 பிட்கூடத் தேறாது. வழக்கமான டிஜிட்டல் தொலைபேசியோ ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து, அளவுக்கு 8 பிட் வீதம் 64,000 பிட் அனுப்பும். இந்த யானை அந்தச் சந்துக்குள் எப்படி நுழையும்?

நுழைவதில்லை. போன் உங்கள் குரலை அனுப்புவதே இல்லை. குரலைப் பற்றிய குறிப்பைத்தான் அனுப்புகிறது. வார இதழில் '15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை' என்று போட்டிருப்பார்கள். கோலத்தைப் போடுவது நம் வாசலில் நாம்தான். அதே கதைதான் இங்கும்.

தொண்டையில் விரல் வைத்து 'ஆ' சொல்லுங்கள், அதிரும். 'ஸ்...' என்று இழுங்கள். அதிராது, காற்று மட்டும் சீறும். செயலிக்குள் இருக்கும் கோடெக் 2 என்ற மென்பொருள் பார்ப்பதில் ஒன்று இதுதான். அதன் '700சி' வகை 40 மில்லி நொடிக்கு ஒரு முறை 28 பிட் எழுதுகிறது: அதிர்வு உண்டா, உண்டென்றால் சுருதி என்ன என்பதற்கு 6, சத்தத்தின் அளவுக்கு 4, வாய் எந்த வடிவில் ஒலியைச் செதுக்குகிறது என்பதற்கு 18. நொடிக்கு 25 குறிப்புகள், ஆக 700 பிட். குரலில் கலந்திருக்கும் அலைகள் ஒன்றுக்கொன்று எந்தக் கட்டத்தில் ஓடின என்பதை அனுப்புவதே இல்லை. எதிர்முனைப் போன் அதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. நம் காது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், பேச்சு புரியும். பாட்டுப் போட்டுவிடாதீர்கள். ஒரு மனிதத் தொண்டையை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு இது, நாதஸ்வரம் வந்தால் திணறிவிடும்.

கோடெக் 2-வை எழுதியவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த பொறியாளர் டேவிட் ரோ. டி-ஸ்டார், டி.எம்.ஆர் போன்ற ஹாம் டிஜிட்டல் முறைகளில் அதற்கு முன்பே குரல் சுருக்கம் உண்டு. ஆனால் அவை நம்பியிருந்த 'ஆம்பி' காப்புரிமைக்குள் பூட்டிய சரக்காக இருந்தது. சில்லாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியவில்லை. எதையும் கழற்றிப் பார்க்கும் ஹாம் கூட்டத்துக்கு இது உறுத்தியது. திறந்த மென்பொருள் இயக்கத்தின் புரூஸ் பெரென்ஸ் இந்தக் குறையை எடுத்துச் சொல்ல, ரோ வேலையில் இறங்கினார். என் கணக்கில், 64,000ஐ 700 ஆக்கியதைவிட, அதை எப்படிச் செய்தோம் என்று ஊருக்கே திறந்து வைத்ததுதான் பெரிய காரியம்.

செயலியும் இலவசம், கோடெக் 2-வின் மூலநிரலும் இலவசம். யாரும் இறக்கிப் படிக்கலாம். ஹாம் அலைவரிசையில் பட்டனை அழுத்துவதற்கு மட்டும், தேர்வு எழுதி, தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமமும் அழைப்புக்குறியும் வாங்கியிருக்க வேண்டும்.