பழைய ஜீப்பும் பத்து நிமிடப் பார்வையும்

கார்வேட்டிநகரம் பக்கம் வைகாசி, ஆனி மாதங்கள் மாங்காய்க் காலம். தோப்பு தோப்பாகக் காய் இறங்கும். இறக்கிய காயைச் சீக்கிரம் மண்டிக்கோ, மாங்கூழ் ஆலைக்கோ அனுப்ப வேண்டும். வெயிலில் கிடந்தால் காய் வாடும். எடை குறையும். விலையும் குறையும்.

தோப்புப் பாதை குறுகலானது. கல்லும் பள்ளமுமாக இருக்கும். அங்கே பெரிய லாரி போகாது. டிராக்டர் போகும். புதிய சிறு வண்டிகளும் வந்துவிட்டன. ஆனாலும் பழைய ஜீப்பை விடாமல் வைத்திருப்பவர்கள் கிராமங்களில் உண்டு. பின்பக்கத்தை வெட்டி, இரும்புத் தொட்டி கட்டி, டீசல் எஞ்சின் பொருத்திய வண்டி அது. அந்த வண்டி ஓடினால் அடுப்பு எரியும். நின்றால் அன்றைய கூலி போகும். பிரேக் பிடிக்காமல் போனாலோ, உயிரே போகும்.

அந்த வண்டியைப் பாதுகாப்பது எப்படி? பழுது வந்தால் கண்டுபிடிப்பது எப்படி? பார்ப்போம்.

ஜீப் வந்த கதை

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். 1941 முதல் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் ராணுவத்துக்காக இதை லட்சக்கணக்கில் செய்தன. சேற்றிலும் மலையிலும் போக வேண்டும். அதனால் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் இழுவிசை போகும்படி அமைத்தார்கள்.

போர் 1945-இல் முடிந்தது. அதன் பிறகு மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த ஜீப்புகளில் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பெட்ரோலைவிட டீசல் விலை குறைவு. ஆகவே பலர் பட்டறையில் கொடுத்து டீசல் எஞ்சினை மாற்றிக்கொண்டார்கள். 1980-களில் மகிந்திரா நிறுவனமே பிரான்சு நாட்டின் பியூஜோ நிறுவன வகை டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்து விற்றது.

மாற்றினால் என்ன ஆகும்?

ஒரு வண்டியைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துச் செய்கிறார்கள். எஞ்சின், ஸ்பிரிங், அச்சு, பிரேக் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை மேல் பாரம் விழும்.

டீசல் எஞ்சின் கனமானது. அதிர்வும் அதிகம். ஆகவே முன் ஸ்பிரிங் தாழும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் சீக்கிரம் கிழியும். நட்டுகள் தளரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதிக லோடு ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைப்பார்கள். வண்டி தாழாது. பார்க்க நிமிர்ந்து நிற்கும். ஆனால் அச்சு பழைய அச்சுதான். பிரேக்கும் பழைய பிரேக்தான். ஸ்பிரிங் தாங்குகிறது என்பதால் பிரேக் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. இதை மறந்தால் ஆபத்து.

காலையில் பத்து நிமிடம்

எஞ்சின் சூடாகும் முன்பே இவற்றைப் பாருங்கள்.

1. எஞ்சின் ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஆயில் கம்பியை எடுத்துத் துடையுங்கள். திரும்பச் செருகி எடுங்கள். கம்பியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை எடுக்க வேண்டாம்.

2. ரேடியேட்டர் தண்ணீர். குறைந்தால் ஊற்றுங்கள். தினமும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது.

3. ஃபேன் பெல்ட். நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் போல உள்ளே போகலாம். தொளதொளவென்று இருந்தால் இறுக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும்.

4. பிரேக் ஆயில் டப்பா. அளவு குறைந்திருக்கிறதா பாருங்கள்.

5. டயர். காற்று, வெட்டு, சக்கர நட்டு மூன்றையும் பாருங்கள்.

6. தரை. இரவு வண்டி நின்ற இடத்தைக் குனிந்து பாருங்கள். சொட்டு விழுந்திருக்கிறதா? எந்த இடத்தில்? என்ன நிறம்? சக்கரத்தின் உட்பக்கம் ஈரம் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்று லோடு ஏற்ற வேண்டாம்.

உயிர் காப்பது பிரேக்

பழைய ஜீப்புகள் பலவற்றில் பிரேக்குக்கு ஒரே ஆயில் வழிதான் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் அதே ஆயில்தான் போகிறது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். புதிய வண்டிகளில் வழி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும். இந்த வசதி பழைய வண்டியில் இல்லை. ஆகவே கூடுதல் கவனம் தேவை.

பெடலை மிதித்தால் அது பேசும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெடல் பஞ்சு போல அமுங்கினால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்றை வெளியேற்ற வேண்டும்.

மிதித்தபடியே இருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால், எங்கோ ஒழுகுகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துவிட்டது.

பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், சக்கரங்கள் ஒரே அளவில் பிடிக்கவில்லை. ஒரு பக்கத்து டிரம்முக்குள் ஆயிலோ, கிரீசோ இறங்கியிருக்கலாம்.

பிரேக் ஆயில் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிப் போகும். பிறகு பிரேக் பிடிக்காது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். திறந்து கிடந்த பழைய டப்பா ஆயில் வேண்டாம்.

ஒரு வண்டி லோடுடன் சரிவில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் விடுவார்கள். வேகம் ஏறும். பிரேக்கை மிதித்தபடியே இறங்க வேண்டிவரும். டிரம் சூடேறும். ஆயில் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் தரையைத் தொடும். வண்டி நிற்காது.

எந்த கியரில் ஏறுகிறோமோ, அதே கியரில் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்ட பின் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதையும் மறக்க வேண்டாம்.

பிரேக் போய்விட்டால் பதற வேண்டாம். பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். பல பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. அது புரொப்பல்லர் தண்டைப் பிடிக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் தண்டு முறியலாம். மேடோ, மண் குவியலோ இருந்தால் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

முதலில் காதால் கேளுங்கள்.

சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும் வருகிறதா? அல்லது எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறதா? பேட்டரியைப் பாருங்கள். முனைகளில் பச்சையாக, வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைச் சுரண்டி இறுக்குங்கள். எஞ்சினையும் சேஸிசையும் இணைக்கும் எர்த் வயரையும் பாருங்கள். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இந்த வயரைச் சரியாகப் பூட்டாமல் விட்டிருக்கலாம்.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? டீசல் போகவில்லை என்று பொருள். டேங்கில் டீசல் தீர்ந்து, மறுபடி ஊற்றினாலும் இப்படி ஆகும். குழாயில் காற்று அடைத்திருக்கும். டீசல் ஃபில்டரின் மேலே ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்துங்கள். கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது.

குளிர் காலையில் மட்டும் பிடிக்கவில்லை என்றால், ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். தோப்புத் தூசியில் அது சீக்கிரம் அடைக்கும். லோடு அதிகமானாலும் கறுப்பாக வரும்.

நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஆயில் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகை: காலையில் சிறிது நேரம் வந்தால் பயமில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது. உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எஞ்சின் கொதித்தால்

சூடு காட்டும் முள் ஏறினால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேக வைத்துவிடும். அரை மணி நேரமாவது ஆறட்டும். பிறகு துணியைப் போர்த்தி மெல்லத் திறங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைச் சடாரென்று ஊற்றினால் எஞ்சின் வெடிப்பு விடும்.

காரணம் என்ன? பெல்ட் அறுந்ததா? குழாய் கிழிந்ததா? ரேடியேட்டரில் மண் அடைத்ததா? ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு வைத்த பழைய சிறிய ரேடியேட்டரே இருந்தால், அது டீசல் எஞ்சினுக்குப் போதாமல் இருக்கலாம்.

கிரீசும் ஆட்டமும்

பழைய ஜீப்பில் கிரீஸ் அடிக்கும் இடங்கள் நிறைய. ஸ்பிரிங் முனைகள், ஸ்டியரிங் மூட்டுகள், புரொப்பல்லர் தண்டின் சிலுவை ஆகியவை அவை. சுமார் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் அடிப்பது நல்லது. சேற்றிலோ தண்ணீரிலோ இறங்கினால் அதற்கு முன்பே அடிக்க வேண்டும்.

கிளம்பும்போது அடியில் டங்கென்று சத்தம் வந்தால் தண்டின் சிலுவை தேய்ந்திருக்கலாம். குழியில் இறங்கியதும் ஸ்டியரிங் கடகடவென்று ஆடினால், ஸ்டியரிங் மூட்டுகளையும் முன் சக்கரத் தாங்கிகளையும் பார்க்க வேண்டும். வெல்டிங் செய்த இடங்களில் சேஸிஸ் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது. எஞ்சின் மாற்ற வேண்டுமானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். பிறகு அதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதி செய்தது. நிறுவனம் செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கூறியது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி பதிவுப் புத்தகத்தைப் பார்க்கும். எஞ்சின் எண் மாறியிருந்தால் பணம் கிடைப்பதில் சிக்கல் வரும். பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் தாமே படித்துப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் உள்ள எண்ணுடன் ஒத்துப் பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும்.

இன்னொன்று. காய் பறித்த ஆட்களை லோடின் மேல் உட்கார வைக்கக் கூடாது. சரக்கு வண்டி சரக்குக்கு உரியது. பிரேக் போட்டால் கூடைகளோடு ஆட்களும் தூக்கி எறியப்படுவார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்

வண்டியில் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம் நான்கையும் எழுதுங்கள். எஞ்சின் ஆயில் மாற்றிய நாள், பிரேக் ஆயில் மாற்றிய நாள் இரண்டையும் தனியே குறியுங்கள்.

ஓட்டுநர் மாறினாலும் நோட்டு மாறாது. மெக்கானிக் மறந்தாலும் நோட்டு மறக்காது. போன மாதம் மாற்றிய பொருளை மறுபடி மாற்றச் சொன்னால், நோட்டைக் காட்டிக் கேட்கலாம். படிக்கக் கற்ற எழுத்து, வண்டியையும் பணத்தையும் காக்கும். வண்டியில் போகிறவரின் உயிரையும் காக்கும்.

கூடிப் பேசுங்கள்

1. கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைத்தால் அதிக லோடு ஏற்றலாமா? ஏன்?
2. பிரேக் பெடல் பஞ்சு போல இருந்தால் என்ன காரணம்?
3. உங்கள் ஊர் வண்டிகளில் ஆட்களை லோடின் மேல் ஏற்றுகிறார்களா? அதை நிறுத்த என்ன செய்யலாம்?
4. ஒரு வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்து, எஞ்சின் எண்ணைப் படித்து எழுதுங்கள்.