விரல் பட்டால் பேசும் கண்ணாடி

செம்பனைக்கு உரம் போட்டுக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவின் கைத்தொலைபேசி மணி அடிக்கிறது. ரப்பர் கையுறை போட்ட விரலால் அழுத்திப் பார்க்கிறார்; அது அசைந்து கொடுக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு முறை தொடுகிறார். உடனே மகளின் குரல்.

"அம்மா, வேலை கிடைச்சிருச்சும்மா! பாக்டரியில கண்ணாடிக்குப் பூச்சுப் பூசுற பகுதியாம்."

"கண்ணாடிக்கு என்னடி பூச்சு? சுவரா அது, வெள்ளையடிக்கிறதுக்கு?"

அம்மா கேட்டது நல்ல கேள்விதான். சற்று முன் அவருடைய விரலுக்குத் தொலைபேசி பதில் சொன்னதே அந்தப் பூச்சினால்தான். 1972இல் பினாங்கு, பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய காலம் முதல் நம் பிள்ளைகள் பலர் மின்னணுத் தொழிற்சாலை பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள். ஆகவே, இந்தக் கண்ணாடி எப்படித் தயாராகிறது, அதைத் தயாரிப்பவர்களுக்கு எங்கே ஆபத்து காத்திருக்கிறது என்பதைப் பெற்றோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உரமூட்டையின் உறவு

கண்ணாடிக்கு முதல் பொருள் மணல். அது உடைவதற்குக் காரணம், மேற்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். கண்ணாடி வளையும்போது கீறல் வாய் பிளக்கிறது. விறகில் ஆப்பு இறங்குவது போலப் பிளவு உள்ளே ஓடுகிறது. கீறல் வாய் திறக்காதபடி மேற்பரப்பை இறுக்கிவிட்டால் கண்ணாடி அடி தாங்கும்.

அதற்கு ஒரு வழி உண்டு. அளவாக வெட்டி, ஓரம் மழுக்கிய கண்ணாடியைச் சுமார் 400 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய வெடியுப்பில் பல மணி நேரம் முக்கி வைக்கிறார்கள். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சோடியம் அணுக்கள் வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அணுக்கள் அந்த இடத்தில் புகுந்துகொள்கின்றன. ஒல்லியான பத்துப் பேர் உட்கார்ந்திருந்த பலகையில், பருத்த பத்துப் பேரை உட்கார வைத்தால் எப்படி நெருக்கியடிக்கும்! அந்த நெருக்கடிதான் கண்ணாடிக்குப் பலம். இறுகிய அந்தப் படலம் ஒரு தாளின் தடிப்பைவிட மெல்லியது. செம்பனைக்கு நாம் போடும் பொட்டாஷ் உரத்தில் இருப்பதும் இதே பொட்டாசியம்தான்.

அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1962லேயே இத்தகைய கண்ணாடியைச் செய்து காட்டியது. ஆனால் அன்று அதை வாங்குவாரில்லை. சில ஆண்டுகளில் அது கிடப்பில் போடப்பட்டது. 2007இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனைக் கொண்டுவந்தபோது, கீறல் விழாத மெல்லிய கண்ணாடி தேவைப்பட்டது. கென்டக்கி மாநிலத்தின் ஹாரட்ஸ்பர்க் தொழிற்சாலையில் அந்தப் பழைய யோசனை மறுபிறவி எடுத்தது.

கிந்தாவில் வெட்டிய ஈயம்

பலம் வந்துவிட்டது. ஆனால் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதே! உலோகத் தகடு ஒட்டினால் மின்சாரம் ஓடும். ஆனால் பின்னால் இருக்கும் படம் தெரியாது. மின்சாரமும் ஓட வேண்டும், வெளிச்சமும் ஊடுருவ வேண்டும். இதற்குக் கைகொடுப்பது இண்டியம் டின் ஆக்சைடு என்னும் கலவை. அதில் பெரும்பங்கு இண்டியம். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு.

இண்டியம் 1863இல் ஜெர்மனியின் பிரைபெர்க் நகரில் கண்டுபிடிக்கப்பட்ட உலோகம். ஆராய்ச்சியாளர் பெர்டினாண்ட் ரைக்குக்கு நிறம் பிரித்துப் பார்க்க முடியாத குறைபாடு. ஆகவே உதவியாளர் தியோடோர் ரிக்டர் கருவி வழியே பார்த்தார். அவுரி நீலத்தில் ஒரு கோடு தெரிந்தது. அந்த நீலமே உலோகத்துக்குப் பெயராயிற்று. ஈயத்தைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டுமா? உலகிலேயே அதிகமாக ஈயம் தோண்டிய நாடு என்று நெடுங்காலம் பெயரெடுத்தது நம் மலேசியா. பேராவின் கிந்தாப் பள்ளத்தாக்குதான் அதற்கு இதயம். 1985இல் விலை சரிந்த பிறகே அங்குச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

பூச்சுப் பூசுவது தூரிகையால் அல்ல. காற்றை உறிஞ்சி எடுத்த இரும்பு அறைக்குள் கண்ணாடியை வைத்து, எதிரே இந்தக் கலவையால் ஆன பலகையை நிறுத்துகிறார்கள். சிறிதளவு ஆர்கான் வாயுவைவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், வாயு அணுக்கள் பலகையின்மீது மோதித் துகள்களைத் தெறிக்கச் செய்கின்றன. அவை கண்ணாடியில் படிகின்றன. அப்படிப் படியும் பூச்சு, தலைமுடியின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்குதான்.

நம் உடம்பும் மின்சாரத்தைக் கடத்தக் கூடியது. விரல் அருகில் வந்ததும் பூச்சில் உள்ள மின்னேற்றம் சிறிது மாறுகிறது. எந்த இடத்தில் மாறியது என்பதைத் தொலைபேசி கண்டுகொள்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் அந்த அம்மாவின் கையுறை தோற்றுப் போயிற்று!

கூச்சத்தைப் போக்கிய பெண்மணி

வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பும். கண் கூசுவது அதனால்தான். கேம்பிரிட்ஜில் இயற்பியல் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான கேத்தரின் பிளாட்ஜெட், 1938இல் இதற்கு வழி கண்டார். சோப்பு போன்ற ஒரு பொருளை, ஒரு மூலக்கூறு தடிப்புள்ள படலங்களாக 44 முறை அடுக்கினார். படலத்தின் மேலிருந்து திரும்பும் ஒளியும் அடியிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கூச்சம் மறைந்தது. அவருடைய படலம் துடைத்தால் போய்விடும். பின்னர் வந்தவர்கள் உறுதியான பூச்சுகளை உருவாக்கினார்கள்.

பூச்சு இல்லாமல், கண்ணாடியின் மேற்பரப்பை ஆசிட்டால் அரித்துப் பளபளப்பைக் குறைக்கும் முறையும் உண்டு.

புகையாத ஆபத்து

இனிமேல்தான் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி. கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் ஆசிட், ரப்பர் பாலை உறைய வைக்க நாம் ஊற்றும் பார்மிக் ஆசிட்டைப் போன்றதல்ல. வீரியம் குறைந்ததாக இருந்தால், பட்டவுடன் எரிச்சல்கூடத் தெரியாமல் இருக்கலாம். மெல்ல உள்ளே இறங்கி எலும்பு வரை தாக்கும். பட்டால் உடனே நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தடவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றொன்று தூசி. ஜப்பானில் இண்டியம் டின் ஆக்சைடைத் தேய்க்கும் வேலையில் இருந்த 27 வயது இளைஞர் ஒருவர், நுரையீரல் பாதிக்கப்பட்டு 2001இல் உயிரிழந்தார். அச்செய்தி 2003இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. 2013இல் ஜப்பான், இண்டியம் கலவைகளைச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

கையில் உள்ள தொலைபேசியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; அதில் பூச்சு படிந்து உறைந்திருக்கிறது. பூச்சு நடக்கும்போது அறையும் மூடியே இருக்கும். பலகையைத் தேய்ப்பதும், அறையைத் திறந்து சுவரில் படிந்ததைச் சுரண்டுவதுமே ஆபத்தான வேலைகள். அந்தத் தூசிக்கு மணமில்லை; இருமலும் மூச்சிரைப்பும் தாமதமாகவே வரும். மருந்து அடிக்கும் வேலை பார்த்த நம் தாய்மார்களுக்கு இது புரியாததா?

மகளிடம் கேட்க வேண்டியவை

சம்பளம் எவ்வளவு, பஸ் உண்டா என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். இன்னும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தப் பொருளைக் கையாளுகிறாய்? அதன் பாதுகாப்புத் தாளைக் காட்டினார்களா? முகத்துக்குப் பொருந்தும் சுவாசக் கவசம் கொடுத்தார்களா? வேலை உடையை அங்கேயே மாற்றிவிட்டு வருகிறாயா?

இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. இரசாயனப் பொருளின் ஆபத்தை எடுத்துச் சொல்லிப் பயிற்சி தருவது முதலாளியின் கடமை என்று 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு 1-6-2024 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருந்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால் தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. வேலையால் நோய் வந்தால், அது சொக்சோவில் சேரும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது, "என்ன வேலை செய்கிறேன்" என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

மகள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்கி வரட்டும். ஆனால் வேலைக்குப் போகும் முதல் நாளே, அம்மா அவளை உட்கார வைத்து அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிடட்டும்.