பெட்டிக்குள் இன்னொரு டிஸ்க்

கணினியில் இடம் தீர்ந்துபோனால் உடனே யுஎஸ்பி டிஸ்க் வாங்க ஓடுகிறோம். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். பெரும்பாலான மதர்போர்டுகளில் சாட்டா போர்ட் நாலோ ஆறோ இருக்கும், அதில் ரெண்டு மூணு சும்மாதான் கிடக்கும்.

பழைய ஐடிஇ காலத்தில் இது பெரிய வேலை. ஒரே பட்டைக் கேபிளில் ரெண்டு டிஸ்க். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று குட்டி ஜம்பரை இடம் மாற்றிக் குத்த வேண்டும். சாட்டாவில் அந்தத் தொல்லையே கிடையாது. ஒரு டிஸ்க்குக்கு ஒரு டேட்டா கேபிள், ஒரு பவர் கேபிள், நாலு ஸ்க்ரூ. அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள பவர் சப்ளையாக இருந்தால், வேறொரு சப்ளையின் கேபிளை எடுத்துச் செருகாதீர்கள். டிஸ்க் பக்க முனை ஒரே மாதிரி இருந்தாலும் சப்ளை பக்கத்தில் கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிஸ்க் புகைந்துவிடும்.

புது டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தால் விண்டோஸில் ஒன்றும் தெரியாது. பயப்பட வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மெண்ட் போனால் "இனிஷியலைஸ் செய்யவா, எம்பிஆரா ஜிபிடியா" என்று கேட்கும். ஜிபிடி கொடுங்கள். எம்பிஆர் 1983-இல் டாஸ் 2.0-வோடு வந்த ஏற்பாடு. டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டருக்கும் அது 32 பிட் எண் கொடுக்கிறது. ஒரு செக்டர் 512 பைட். பெருக்கிப் பார்த்தால் சுமார் 2.2 லட்சம் கோடி பைட், அதாவது 2 டிபியோடு எண் தீர்ந்துபோகும். 4 டிபி டிஸ்க் வாங்கி எம்பிஆர் போட்டால் பாதி டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாது.

ஆனால் இதே கேள்வி பழைய டிஸ்க்குக்கும் வரலாம். மாமா காலமான பிறகு அவர் கணினியில் இருந்த டிஸ்க்கை அத்தை என்னிடம் கொடுத்தார்கள். "ஃபோட்டோ எல்லாம் இதுலதாம்ப்பா இருக்கு." என் பெட்டியில் மாட்டியதும் அதே இனிஷியலைஸ் பெட்டி வந்து நின்றது. அதற்கு ஓகே சொன்னால், எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையின் மேல் புது அட்டவணை எழுதப்படும். கேன்சல் கொடுத்துவிட்டு, மிஷினை அணைத்து, டேட்டா கேபிளை மாற்றிப் போட்டேன். எஃப் டிரைவ் என்று வந்தது. வேறு எதையும் தொடாமல் முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன். அத்தையின் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்துகூட வைத்திருக்கிறார் மனுஷர்.

விண்டோஸை எஸ்எஸ்டியில் புதிதாகப் போடுகிறவர்கள் அந்த நேரத்தில் மற்ற டிஸ்க்குகளின் கேபிளை உருவிவிடுங்கள். இல்லேன்னா, பழைய டிஸ்க்கில் பூட் பகுதி ஒன்று ஏற்கெனவே இருந்தால், இன்ஸ்டாலர் பூட் ஃபைல்களைக் கொண்டுபோய் அங்கேயே வைத்துவிடக்கூடும். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். ரெண்டு வருஷம் கழித்து அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் அன்று, எஸ்எஸ்டி நல்லா இருந்தும் கணினி எழுந்திருக்காது.

ரெய்டு பற்றியும் கேட்கிறார்கள். ரெய்டு 0 வீட்டுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ரெண்டில் எது போனாலும் ரெண்டில் இருப்பதும் போச்சு. ரெய்டு 1 ரெண்டிலும் ஒரே மாதிரி எழுதும். ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், சரி. நீங்கள் தவறுதலாக டெலீட் செய்தால் அதையும் அதே நொடியில் ரெண்டிலும் அழிக்கும். பவர் சப்ளை வெடித்தால் ரெண்டும் சேர்ந்தே போகலாம்.

அதனால் என் பெட்டிக்குள் எஸ்எஸ்டி ஒன்று, 4 டிபி ஒன்று. மாமாவின் ஃபோட்டோக்கள் 4 டிபியில் ஒரு பிரதி, அத்தை வீட்டு பீரோவில் இருக்கும் டிஸ்க்கில் இன்னொரு பிரதி.