பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை

பழைய தையல் இயந்திரமொன்றை விற்க விரும்பும் குடும்பத்தார் அதன் படத்தையும் விலையையும் இணையத்தில் வெளியிடுகின்றனர். சிறிது நேரத்தில் முன்பின் அறியாத ஒருவர் செல்பேசியில் அழைக்கிறார். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், நேரில் வர இயலாமையால் முழு விலையையும் உடனே அனுப்பிவிடுவதாகவும் கூறுகிறார். அடையாள அட்டையின் படமும், அதனைத் தொடர்ந்து ஒரு க்யூஆர் கோடும் வந்து சேருகின்றன. கோடை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் பதித்தால் பணம் வந்துவிடும் என்கிறார். அவ்வாறே செய்த மாத்திரத்தில், கணக்கிலிருந்த பணம் போய்விடுகிறது. இத்தகைய மோசடி நாட்டின் பல பகுதிகளில் நிகழ்ந்துள்ளது.

ஏமாந்தவர்களுள் படித்தவர்களும் உளர். ஆதலின் எழுத்தறிவு மட்டும் போதாது. பணம் எத்திசையில் செல்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

க்யூஆர் கோடு என்பது 1994 ஆம் ஆண்டில் ஜப்பானிலுள்ள டென்சோ வேவ் நிறுவனத்தார், மோட்டார் வாகனத் தொழிலில் உறுப்புகளை அடையாளம் காண்பதற்கென அமைத்த சதுரக் குறியாகும். இந்தியாவில் 2016 இல் தொடங்கப்பெற்ற யூபிஐ முறையில் இக்குறி, பணம் பெறுவோரின் கணக்கு முகவரியையும் சில வேளைகளில் தொகையையும் தாங்கி நிற்கிறது. எனவே ஸ்கேன் செய்பவர் கொடுப்பவர். குறிக்கு உரியவர் பெறுபவர். பணம் அனுப்புகையில் இரகசிய எண்ணைப் பதிப்பது, காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். பணம் பெறுவதற்கு அவ்வெண் ஒருபோதும் தேவையில்லை.

மோசடிக்காரர் கையாளும் உபாயங்கள் சில. முதலில் ஒரு ரூபாய் அனுப்பி நம்பிக்கையை வளர்ப்பர், பின்னர் அவசரப்படுத்துவர். அட்டையின் படம் எதையும் மெய்ப்பிப்பதில்லை. அது பிறருடையதாகவும் இருக்கலாம். செல்பேசித் திரையைத் தமக்குக் காட்டும் செயலியை நிறுவுமாறும், ஓடிபி எண்ணைக் கூறுமாறும் கேட்பதுண்டு. இவற்றுக்கு இணங்குதல் கூடாது. பொருளைப் பகல் வேளையில், மக்கள் நடமாடும் இடத்தில், துணை ஒருவருடன் சென்று கைமாற்றுதல் நலம்.

பணம் பறிபோயின், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் தெரிவித்தல் வேண்டும்; தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். களவாடிய பணம் விரைவில் பல கணக்குகளுக்கு மாற்றப்படும். அது வெளியேறுமுன் செய்தி கிடைத்தால் வங்கிகள் எஞ்சிய தொகையை நிறுத்தி வைக்க இயலும். குறுஞ்செய்திகளையும் பரிவர்த்தனை எண்ணையும் அழித்துவிடலாகாது. வங்கியின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடினால் போலி எண் அகப்படக்கூடும். ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணையே பயன்படுத்துக.

இதனை வகுப்பில் விளக்குதல் எளிது. தேநீர்க் கடையில் குறி அட்டையை வைத்திருப்பவர் யார், ஸ்கேன் செய்பவர் யார், பணம் யாரிடம் சேருகிறது என்று மாணவர்களைக் கேட்கலாம். அவர்களே விடை கூறுவர். வீட்டிலுள்ள பெரியோர்க்கும் எடுத்துரைப்பர்.

களப்பணியாளர் கவனிக்கவேண்டியது மற்றொன்று உண்டு. ஏமாந்தவர் நாணத்தால் வாய் திறவாமல் இருப்பர். அவரை எள்ளி நகையாடினால் ஊரில் அடுத்து ஏமாறுபவரும் மறைத்துவிடுவார். இவ்வாறு கழியும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே பயன்படும். ஆறுதல் கூறி, உடனிருந்து 1930 ஐ அழைக்கச் செய்வதே அப்பொழுது ஆற்றத்தக்க முதற்பணியாகும்.