டீச்சர் முதல் சி.இ.ஓ. வரை: அரசுப் பள்ளி ஆசிரியர் எவ்வளவு உயரம் போகலாம்?

சாமல்பட்டி பக்கம் 'நாளைக்கு சி.இ.ஓ. வர்றாங்க' என்று சொன்னால், ஓசூர் கம்பெனி முதலாளி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வருவது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பள்ளிக் கல்விக்கு அவர்தான் தலைமை. அந்த நாற்காலிக்கு ஒரு வகுப்பாசிரியர் போக முடியுமா? முடியும். ஆனால், எந்தப் படியில் ஏறத் தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம்.

சீனியாரிட்டி வழி

பட்டதாரி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆகலாம். முதுகலை ஆசிரியருக்கு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி. அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.), பிறகு சி.இ.ஓ. தொடக்கக் கல்வியில் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) ஆகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், வயது. ஓய்வு வயது 60. முப்பதில் வேலைக்குச் சேர்ந்தவர் தலைமை ஆசிரியர் ஆகவே ஐம்பதைத் தாண்டிவிட்டால், மேலே ஏற மிச்சம் இருப்பது சில வருடம்தான்.

தேர்வு வழி

டி.இ.ஓ. பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-சி தேர்வு நடத்துகிறது. முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என மூன்று கட்டம். பி.இ.ஓ. பதவிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கிறது. பட்டமும் பி.எட்.டும் போதும். இடங்கள் சொற்பம், அறிவிப்பும் வருடா வருடம் வராது. ஜெயித்தால் பல வருடக் காத்திருப்பு மிச்சம்.

டெட் பூட்டு

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, 1 முதல் 8-ம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களைக் கலங்கடித்தது. ஓய்வுக்கு 5 வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் 2 வருடத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும். 5 வருடத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் வேலையில் தொடரலாம். ஆனால், டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. இருபது வருடம் பாடம் நடத்தியவரும் மறுபடி பரீட்சை ஹாலில் உட்கார வேண்டும் என்பதுதான் பலருக்கு வலி.

மேலே போனால் என்ன வேலை?

ஃபைல் மட்டுமல்ல. டி.இ.ஓ. பணி 2022-ல் தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் எனப் பிரிக்கப்பட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர் சி.இ.ஓ. இந்த எல்லை மாவட்டத்தில் தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகள் உண்டு. அங்கே 2006 சட்டப்படி தமிழ்ப் பாடமும் நடக்க வேண்டும். வேலை தேடி ஓசூர் வரும் வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். அஞ்செட்டி மலைக்கிராமங்களில் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவர வேண்டும். வகுப்பறையில் நின்றவருக்குத்தான் இதன் கஷ்டம் புரியும்.

இப்போதே என்ன செய்யலாம்?

இளம் ஆசிரியரா? டெட் இன்னும் முடிக்கவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. மே, டிசம்பரில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் துறைத் தேர்வுகளைத் தள்ளிப்போடாதீர்கள். பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது அதையும் கேட்பார்கள். கையோடு முதுகலையை முடித்துவிட்டால் இரண்டு வழியும் திறந்திருக்கும். சீனியாரிட்டி தானாக வரும். தகுதியை நாம்தான் தேடிப் போக வேண்டும்.