இடிமேகத்தைத் தொடாமல் அளக்கும் ஊட்டிக் கருவி

கடலை அளப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சாகர் நிதி’ போன்ற ஆய்வுக் கப்பலில் உணரிகளைக் கம்பிவடத்தில் கட்டி இறக்கினால் போதும். ஆழத்துக்கு ஆழம் தண்ணீரின் உப்பையும் வெப்பத்தையும் அவை தொட்டே அளந்துவிடும். இடிமேகத்திடம் இது பலிக்காது. பலூனில் கருவி கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். பல கிலோமீட்டர் பரந்து, காற்றோடு ஓடிக்கொண்டும் இருக்கிற மேகத்துக்குள் பலூன் ஒரு நேரத்தில் ஒரே புள்ளியில்தான் இருக்கும். அப்படிக் கிடைத்த அதிகபட்ச மின்னழுத்தம் சுமார் 13 கோடி வோல்ட். சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளரோ 1920களிலேயே, இடிமேகத்தில் 100 கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கலாம் என்று கணக்கிட்டிருந்தார்.

அதற்கான சான்று கிடைத்தது ஊட்டியில், அதுவும் வானிலைக்காகக் கட்டப்படாத ஒரு கருவியில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தின் வேலை, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்வது. அந்தக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற மின்னூட்டத் துகள்கள் பிறந்து கீழே பொழிகின்றன. நம் உடலையும் அவை ஓயாமல் துளைத்துப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

அவற்றை எண்ணுவதற்கு அங்கே 3,712 இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். சதுர வாய், பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர். உள்ளே ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு. நட்டநடுவே முடி போன்ற டங்ஸ்டன் கம்பி. மியூவான் உள்ளே புகுந்து போனால் வாயுவில் எலெக்ட்ரான்கள் உதிரும். உயர் மின்னழுத்தத்தில் இருக்கும் கம்பி அவற்றை இழுத்துக்கொள்ள, ஒரு சிறு மின்துடிப்பு பதிவாகும். குழாய்களை நான்கு அடுக்காக, ஒரு அடுக்குக்கு அடுத்தது குறுக்காக வைத்திருப்பதால் மியூவான் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் தெரியும். மேலே 2 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட். ஆற்றல் குறைந்தவை அதைத் தாண்டி வர முடியாது.

அந்தக் கான்கிரீட்தான் இங்கே சூட்சுமம். மியூவான்களில் நேர்மின்னூட்டம் கொண்டவை எதிர்மின்னூட்டம் கொண்டவற்றைவிட அதிகம். இடிமேகத்தின் மின்புலம் ஒரு வகையை வேகப்படுத்தும், இன்னொன்றைத் தடுக்கும். நேர்மின் மியூவான்கள் தடுக்கப்பட்டால் அவற்றில் பல ஆற்றல் இழந்து கான்கிரீட்டிலேயே நின்றுவிடும். மொத்த எண்ணிக்கை சரியும். எவ்வளவு சரிந்தது என்று பார்த்து, மேகத்தின் மின்னழுத்தத்தைக் கணினி மாதிரியில் கணக்கிடலாம். ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள் பதிவாவதால்தான் சில நிமிடங்களே நீடிக்கும் சிறு சரிவுகூடத் தப்பாமல் தெரிகிறது.

ஏப்ரல் 2011 முதல் டிசம்பர் 2014 வரை 184 இடிமழைகள் இப்படிப் பதிவாயின. 2014 டிசம்பர் 1 அன்று வந்தது எல்லாவற்றையும் மிஞ்சியது. மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. கணக்குப் போட்டால் 130 கோடி வோல்ட்! தரையில் தள்ளித் தள்ளி வைத்திருந்த நான்கு மின்புல மானிகள் மேகத்தின் மற்ற விவரங்களைக் கண்டறிய உதவின. தகடுகளைச் சுழலும் உலோக இறக்கை மாறி மாறி மூடித் திறக்க, தலைக்கு மேலுள்ள மின்புலத்தை அளக்கும் எளிய கருவிகள் அவை. மேகத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 11.4 கிலோமீட்டர், பரப்பு குறைந்தது 380 சதுர கிலோமீட்டர், வேகம் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். 6 நிமிடத்தில் அந்த மின்னழுத்தம் ஏறியது என்றால் அதன் திறன் குறைந்தது 200 கோடி வாட். கூடங்குளத்தின் முதல் இரண்டு அணு உலைகளும் சேர்ந்து முழு மூச்சாக ஓடினால் கிடைப்பது அவ்வளவுதான்.

2019-ல் ‘பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ ஆய்விதழில் இந்த முடிவு வெளியானது. இடிமேகங்களிலிருந்து சில சமயம் ஆற்றல் மிகுந்த காமா கதிர்கள் கண நேரம் வெடித்துக் கிளம்புவதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்திருக்கின்றன. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது புரியாமலே இருந்தது. 100 கோடி வோல்ட்டைத் தாண்டும் மேகங்கள் உண்டு என்றால் அதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. வானத்தின் இன்னும் பரந்த பகுதியைப் பார்ப்பதற்காக இரண்டாவது மியூவான் தொலைநோக்கிக்கான குழாய்களையும் ஊட்டி ஆய்வுக்கூடத்திலேயே செய்திருக்கிறார்கள்.